ஒன்ராறியோவில் கிடைக்கும் சி.எப். மருந்து அல்பேர்ட்டாவிலும் கிடைக்குமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு எட்டு வயது, சிஸ்டிக் பைப்ரோசிஸ் (சுருக்கமாக சி.எப்.; நுரையீரலிலும் கணையத்திலும் சளி தடித்து அடைக்கும் பரம்பரை நோய்). ஒன்ராறியோவில் ட்ரைகாப்டா குளிசையை ஒரு சதமும் கட்டாமல் எடுக்கிறீர்கள். கணவருக்கு அல்பேர்ட்டா மாகாணத்துக் கல்கரியில் வேலை சரிவந்திருக்கிறது. "அங்கே போனால் மருந்து நின்றுவிடுமா? ஒரே நாட்டில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு என்கிறார்களே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மருந்தைப் பற்றியதுபோல இருந்தாலும், இந்த வேலையை ஏற்கலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் முடிவெடுக்க வேண்டியது. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். நான் மருந்தாளர். பல வருடங்களாக சி.எப். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மருந்து கொடுப்பதும், அவர்களுக்காகக் காப்புறுதிப் படிவம் நிரப்புவதும்தான் என் அன்றாட வேலை. உங்கள் மகளின் கோப்பை நான் பார்க்கவில்லை. அதனால் அவருடைய மருந்துக்கான காப்புறுதி அனுமதி எப்படி முடியும் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவாக விஷயம் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. ட்ரைகாப்டா கனடாவின் எல்லா மாகாணங்களிலும் அரச மருந்துப் பட்டியலில் இருக்கிறது, அல்பேர்ட்டாவிலும்தான். மருந்துகளை அங்கீகரிக்கும் மத்திய அரசுத் துறையான ஹெல்த் கனடா 2021 ஜூன் மாதம் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அதை அங்கீகரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்காட்சுவான் ஆகிய மூன்றும் முதலில் பணம் கொடுக்கத் தொடங்கின. மற்றவை அடுத்தடுத்த மாதங்களில் வந்து சேர்ந்தன. ஆறு வயது முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கான அங்கீகாரம் 2022 ஏப்ரலில் வந்தது. ஆகவே "கல்கரியில் அந்த மருந்தே இல்லை" என்ற நிலை இல்லை. அந்தப் பயத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

ஆனால் பட்டியலில் இருக்கிறது என்பது ஒன்று, உங்கள் கைக்கு வருகிறது என்பது இன்னொன்று. இடையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பிள்ளை அந்த மாகாணத்தின் நிபந்தனைகளுக்குள் வருகிறாரா? எந்தத் திட்டத்தின் வழியாக வருகிறார்? உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகும்? மாகாணங்களுக்கு இடையில் இன்று இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டீர்கள். 1984-ல் வந்த கனடா சுகாதாரச் சட்டம் வைத்தியரையும் வைத்தியசாலையையும்தான் மாகாணங்கள் கட்டாயம் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. வைத்தியசாலைக்கு வெளியே, வீட்டில் விழுங்கும் குளிசை அதற்குள் இல்லை. அதனால் மருந்துக்கு ஒவ்வொரு மாகாணமும் தனக்கென ஒரு திட்டத்தை, தன் தன் காலத்தில், தன் தன் கணக்கில் கட்டிக்கொண்டது. புதிய மருந்து வந்தால் முதலில் ஹெல்த் கனடா அது பாதுகாப்பானதா, வேலை செய்கிறதா என்று பார்க்கும். பிறகு, விலைக்குத் தகுந்த பலன் உண்டா என்று ஒரு தேசிய மதிப்பீட்டு நிறுவனம் பரிந்துரை எழுதும். முன்பு அதற்குக் காடெத் என்று பெயர், 2024 முதல் கனடா மருந்து முகமை. கியூபெக் இதில் சேராமல் இனெஸ் என்ற தன் சொந்த நிறுவனத்தை வைத்திருக்கிறது. அடுத்ததாக மாகாணங்கள் ஒன்றுசேர்ந்து மருந்துக் கொம்பனியுடன் விலை பேசும். கடைசியில் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தன் பட்டியலில் சேர்க்கும். விலை பேசும் வரை ஒன்றாக நடப்பவர்கள் அந்தக் கடைசி அடியில்தான் பிரிகிறார்கள்.

இது கனடாவுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. பிரித்தானியாவில் ஒர்காம்பி, சிம்கெவி ஆகிய முந்தைய சி.எப். மருந்துகளுக்கு ஸ்கொட்லாந்து 2019 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்தது, இங்கிலாந்து அக்டோபர் கடைசியில்தான் செய்தது. இடைப்பட்ட அந்தக் கிழமைகளில் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு இல்லாதது அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு இருந்தது.

ஒர்காம்பி கனடாவில் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். ஹெல்த் கனடா 2016 ஜனவரியில் அங்கீகரித்தது. ஆனால் காடெத் அதே ஆண்டும், பிறகு 2018-லும் "பொதுப் பணத்தில் கொடுக்க வேண்டாம்" என்றே எழுதியது. அதன் பிறகு எந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைத்தது என்பது எந்த மாகாணத்தில் இருக்கிறார், வைத்தியர் எத்தனை கடிதம் எழுதினார், தகப்பனின் கொம்பனி எந்தக் காப்புறுதி வைத்திருந்தது என்பதையெல்லாம் பொறுத்தது. "மாகாணத்துக்கு மாகாணம் வேறு" என்று உங்களிடம் சொன்னவர்கள் அந்தக் காலத்தை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது அன்றைக்கு முழு உண்மை. இந்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தவர்களில் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையின் விஞ்ஞானிகள் முதன்மையானவர்கள். அதே நகரத்துப் பிள்ளைகள், அமெரிக்காவில் 2019 அக்டோபரில் வெளிவந்த ட்ரைகாப்டாவுக்காக மேலும் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

நிபந்தனைகளுக்கு வருவோம். மருந்தைத் தொடங்கும் முன் மூச்சுப் பரிசோதனை அளவு (எதிர்பார்க்கும் அளவில் எத்தனை வீதம் என்பது), நிறை, தொற்று வந்து அன்டிபயோடிக் எடுத்த நாட்கள், வைத்தியசாலையில் தங்கிய நாட்கள் எல்லாவற்றையும் குறித்து அனுப்ப வேண்டும். சில மாதங்கள் கழித்துப் பலன் தெரிகிறதா என்று மறுபடியும் அளப்பார்கள். மூச்சு அளவு ஐந்து புள்ளி கூடியிருக்கலாம், தொற்று குறைந்திருக்கலாம், நிறை குறையாமல் நின்றிருக்கலாம், இப்படி ஏதாவது ஒரு முன்னேற்றம் காட்டினால் போதும். தேசிய மதிப்பீட்டு நிறுவனம் 2021-ல் எழுதிய பரிந்துரையின் முதல் வரைவில், மூச்சு அளவு 90 வீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. நுரையீரல் கெடும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? குடும்பங்களும் வைத்தியர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். இறுதிப் பரிந்துரையில் அந்த வரி எடுக்கப்பட்டது.

உங்கள் மகள் ஏற்கெனவே மருந்தில் இருக்கிறார். புதிய மாகாணம் அவரைப் "புதிதாகத் தொடங்குபவர்" என்று பார்க்காமல் "தொடர்பவர்" என்று பார்க்க வேண்டுமென்றால், மருந்துக்கு முந்திய அளவுகள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இன்றைக்கு அளந்தால் அளவுகள் நன்றாகத்தான் இருக்கும், மருந்து வேலை செய்கிறது அல்லவா. எவ்வளவு முன்னேறினார் என்பதைக் காட்டப் பழைய தாள் வேண்டும். ஆகவே உங்கள் சி.எப். கிளினிக்கிடம் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிக் கையிலேயே வைத்திருங்கள்: மரபணுப் பரிசோதனை அறிக்கை, மருந்து தொடங்குமுன் எடுத்த அளவுகள், கடைசியாக வந்த அனுமதிக் கடிதம். பக்ஸில் போய்ச் சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

மரபணு அறிக்கை நம்மவர்களுக்கு இன்னும் முக்கியம். இந்த மருந்துகளின் அனுமதி எப்.508 டெல் என்ற மரபணு மாற்றத்தைச் சுற்றியே தொடங்கியது. வெள்ளையர் மத்தியில் பெரும்பாலான நோயாளிகளிடம் அது குறைந்தது ஒரு பிரதியாவது இருக்கும். தெற்காசியரிடம் அது அவ்வளவு பரவலாக இல்லை. நமக்குள் அரிதான வேறு மாற்றங்கள் கூடுதலாகத் தென்படுகின்றன. அமெரிக்கா 2020 டிசம்பரிலேயே மேலும் 177 மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டது. ஒரு நாடு அங்கீகரித்துவிட்டது என்பதற்காக ஒரு மாகாணத்தின் நிபந்தனைத் தாளும் அதே நாளில் மாறிவிடாது. உங்கள் மகளிடம் எப்.508 டெல் இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவையில்லை. இல்லையென்றால், கல்கரிக் கிளினிக்கிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

இனிப் பணம். கனடாவில் ட்ரைகாப்டாவின் பட்டியல் விலை வருடத்துக்கு ஏறத்தாழ 306,000 டொலர். 28 நாளுக்கு ஒரு பெட்டி, உள்ளே கிழமைக்கு ஒன்றாக நான்கு அட்டைகள், மொத்தம் 84 குளிசை. காலையில் செம்மஞ்சள் இரண்டு, இரவில் இளநீலம் ஒன்று. அந்தப் பெட்டி ஒன்றின் விலை 23,000 டொலருக்கு மேல். மாகாணங்கள் கொம்பனிக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கின்றன என்பது இரகசிய ஒப்பந்தம். அதை அறிந்ததாக இணையத்தில் யாராவது எழுதினால் நம்பாதீர்கள். உங்களுக்குத் தேவையானது அந்த எண் அல்ல, உங்கள் பங்கை மாகாணம் எப்படிக் கணக்கிடுகிறது என்பதுதான்.

ஒன்ராறியோவில் 24 வயதும் அதற்குக் கீழும் உள்ள, தனியார் காப்புறுதி இல்லாத எல்லோருக்கும் ஓஹிப் பிளஸ் என்ற மாகாண மருந்துத் திட்டம் உண்டு. உங்கள் மகள் அதில்தான் இருக்கிறார். அந்த "தனியார் காப்புறுதி இல்லாத" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2019 ஏப்ரலில் சேர்த்த நிபந்தனை அது. நீங்கள் ஒன்ராறியோவிலேயே இருந்து, கணவருக்குக் காப்புறுதியோடு ஒரு வேலை கிடைத்து, அது மகளையும் சேர்த்துக்கொண்டாலும் அவர் ஓஹிப் பிளஸிலிருந்து வெளியேறிவிடுவார். தனியார் திட்டம் 80 வீதம் கொடுத்தால், மிச்சம் 20 வீதம் வருடத்துக்கு 61,000 டொலருக்கு மேல். அப்போதுதான் ஒன்ராறியோவின் இன்னொரு மருந்துத் திட்டமான ட்ரில்லியம் கைகொடுக்கும்: குடும்பத்தின் நிகர வருமானத்தில் ஏறத்தாழ நான்கு வீதம் நீங்கள் கட்டினால், அதற்கு மேல் மருந்துச் சீட்டுக்கு இரண்டு டொலர் வரைதான். இடம் மாறாமலேயே உங்கள் நிலை மாறக்கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

அல்பேர்ட்டாவின் அமைப்பே வேறு. அங்கே மாகாண சுகாதார அட்டை மருந்துக்குப் பணம் கொடுக்காது. அரசு, புளூ குறோஸ் என்ற காப்புறுதி நிறுவனம் மூலமாக ஒரு திட்டம் நடத்துகிறது. மாதச் சந்தா கட்டிச் சேர வேண்டும், வருமானம் குறைந்தவர்களுக்குச் சந்தா குறையும். பழைய நோய் இருக்கிறது என்று யாரையும் தள்ள மாட்டார்கள். மருந்து வாங்கும்போது சீட்டுக்கு விலையில் 30 வீதம் உங்கள் பங்கு, ஆனால் அதற்குச் சீட்டொன்றுக்குச் சில பத்து டொலர் என்ற உச்ச வரம்பு இருக்கிறது. இந்த வரம்புதான் உங்களுக்கு முக்கியம். 23,000 டொலர்ப் பெட்டிக்கும் உங்கள் பங்கு அந்தச் சில பத்து டொலர்தான். நியூபவுண்லாந்தில் 18 வயது கடந்த சி.எப். நோயாளி உள்ள குடும்பம் என்றால், பொதுவான திட்டத்தில் நிகர வருமானம் 70,000 டொலருக்கு 7.5 வீதம், அதாவது 5,250 டொலர் வரை கட்ட நேரும். ஒன்ராறியோ ட்ரில்லியத்தில் அதே வருமானத்துக்கு ஏறத்தாழ 2,800. பிரிட்டிஷ் கொலம்பியாவும் வருமானத்தைத்தான் பார்க்கும், ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்திய வரிக் கணக்கை வைத்து. போன வருடம் வேலை இழந்தவர் அங்கே கவனமாக இருக்க வேண்டும். கியூபெக்கில் 1997 முதல் எல்லோரும் ஏதாவது ஒரு மருந்துக் காப்புறுதியில் இருந்தே ஆக வேண்டும், தனியார் திட்டமும் அரசு வைத்த உச்ச வரம்புக்கு மேல் உங்களிடம் வாங்க முடியாது. என் பார்வையில், இந்த ஒரு விஷயத்தில் கியூபெக்தான் மற்ற எல்லோரையும்விடச் சரியாகச் செய்திருக்கிறது.

ட்ரைகாப்டாவையே எல்லோரும் பேசுவதால் மறைந்துபோகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சி.எப். பிள்ளை அந்த ஒரு மருந்தில் வாழ்வதில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கணைய நொதிக் குளிசை, ஏ, டி, ஈ, கே விற்றமின், நிறை ஏற்றும் பானம், மூச்சில் இழுக்கும் உப்புக் கரைசல், சளியை இளக்கும் பல்மோசைம், தொற்று வந்தால் மூச்சில் இழுக்கும் டோப்ராமைசின் என்ற அன்டிபயோடிக். மாகாணங்களுக்கு இடையில் பெரிய வித்தியாசம் இன்று இங்கேதான் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த நோய்க்கென்றே பிளான் டி என்ற திட்டம் நொதிகளையும் ஊட்டப் பொருட்களையும் தருகிறது. நியூ பிரன்சுவிக்கில் பிளான் பி. சஸ்காட்சுவானில் செயில் என்ற உதவித் திட்டம். ஒன்ராறியோவில் விசேட மருந்துத் திட்டம் சில சி.எப். மருந்துகளை வருமானம் பார்க்காமல் கொடுக்கிறது. நியூபவுண்லாந்தின் விசேட திட்டம் 18 வயது வரை முழுச் செலவையும் ஏற்கும், அதன் பிறகு பொதுத் திட்டத்துக்குப் போக வேண்டும். அல்பேர்ட்டாவில் சீட்டுக்கு ஒரு வரம்பு என்பது பெரிய விலை மருந்துக்கு நல்லது, ஆனால் மாதத்துக்கு எட்டுப் பத்துச் சீட்டு எடுக்கும் வீட்டுக்கு அந்தப் பத்துகள் சேர்ந்து வரும். சமையலறை மேசையில் மகளின் எல்லா மருந்துகளையும் அடுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் இப்போது யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு கல்கரிச் சிறுவர் வைத்தியசாலையின் சி.எப். கிளினிக்கின் சமூக சேவையாளருடன் பேசினால் அரை மணியில் உங்கள் மாதச் செலவு தெரிந்துவிடும்.

எனக்கு உண்மையில் பயமான இடம் அனுமதி மறுப்பு அல்ல, இடைவெளி. சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என் கவுண்டருக்கு வந்தார். வேறு மாகாணத்திலிருந்து வந்து மூன்று கிழமை. கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார். வியாழக்கிழமை வரை குளிசை இருந்தது, அதற்குப் பிறகு வெறும் குழிகள். பழைய மாகாணத்தின் மருந்துத் திட்டம் முடிந்திருந்தது. புதியதில் பெயர் பதிவாகியிருக்கவில்லை. தனியார் காப்புறுதிக்கு மூன்று மாதக் காத்திருப்பு. யாரும் "இல்லை" என்று சொல்லவில்லை, எல்லோரும் "இன்னும் இல்லை" என்றார்கள். அந்தப் பிள்ளை பதினொரு நாள் மருந்தில்லாமல் இருந்தார், இரண்டாம் நாளிலிருந்தே சளி தடித்துவிட்டது என்று தாய் சொன்னார். இந்த மருந்து உடலில் நின்று பிடிக்காது. நிறுத்தினால் சில நாட்களிலேயே பலன் இறங்கத் தொடங்கும்.

மாகாணம் மாறும்போது வைத்தியருக்கும் வைத்தியசாலைக்கும் பழைய மாகாணம் மூன்று மாதம் வரை பொறுப்பேற்பது வழக்கம். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் அந்தத் தாயும் வந்தார். அது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வருவது, மருந்துக் கடைக்கு அது பொருந்தாது. ஆகவே கணவர் வேலையை ஏற்குமுன் வேலை தரும் கொம்பனியிடம் இவற்றைக் கேட்கட்டும்: காப்புறுதி முதல் நாளே தொடங்குமா, மருந்துக்கு வருட உச்ச வரம்பு உண்டா, எத்தனை வீதம் கொடுக்கும், முன் அனுமதி தேவையா. குடும்பத்தைச் சேர்க்கும் படிவத்தைத் தகுதி வந்த 31 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் பல குழுக் காப்புறுதிகள் உடல்நலச் சான்று கேட்கும், சி.எப். பிள்ளைக்கு அது கதவை மூடுவதற்குச் சமம். வருட வரம்பு 10,000 டொலர் என்று இருந்தால் ஒரு பெட்டிகூட வராது. அப்படியென்றால் புளூ குறோஸ் அரச திட்டத்தை முதல் நாளே விண்ணப்பிக்க வேண்டும், அது எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

புறப்படுமுன் உங்கள் மருந்துக் கடையில் திட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச நாட்களுக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கொம்பனியின் நோயாளர் உதவித் திட்டத்தில் மகள் பதிவாகியிருந்தால், அங்குள்ள பொறுப்பாளருக்கு இடம் மாறுவதைச் சொல்லுங்கள். இடைக்கால மருந்து கொடுத்துதவிய சந்தர்ப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது உங்கள் உரிமை அல்ல, அவர்கள் விருப்பம். அதை மட்டும் நம்பி வண்டி ஏற வேண்டாம். மகளின் நிறை 30 கிலோவை நெருங்கினால் அதையும் கிளினிக்கிடம் சொல்லுங்கள். அந்த அளவைத் தாண்டினால் குளிசையின் வலு மாறும், பழைய வலுவுக்கு வாங்கிய அனுமதிக் கடிதத்தோடு புதிய மாகாணத்தில் நிற்க நேரக்கூடாது.

இதெல்லாம் ஒரு நாள் நாடு முழுவதும் ஒன்றாகுமா என்று யாரோ கீழே கேட்டிருந்தார்கள். 2024 அக்டோபரில் வந்த தேசிய மருந்துச் சட்டம் கருத்தடை, நீரிழிவு மருந்துகளோடு தொடங்குகிறது. அரிய நோய்களுக்கென மத்திய அரசு 2023-ல் அறிவித்த 1.5 பில்லியன் டொலர்த் திட்டம் மாகாணங்களுடன் தனித்தனி ஒப்பந்தமாகவே போகிறது. உங்கள் மகள் பெரியவளாகும் முன் இது ஒன்றாகும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது.

வேலைக் கடிதத்துக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு கிழமை இருந்தால் போதும். முதலில் உங்கள் ஒன்ராறியோக் கிளினிக்கிலிருந்து கல்கரிக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே முதல் சந்திப்புத் திகதி கிடைத்த பிறகு, கையில் எத்தனை அட்டை இருக்கிறது என்று எண்ணி, அதைவைத்துப் புறப்படும் நாளைக் குறியுங்கள். காப்புறுதித் தாள் கைக்கு வந்து அதில் ஏதாவது விளங்கவில்லை என்றால், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.